ஆயிலை மாற்றினால் கியர்பாக்ஸ் போய்விடுமா?

கேள்வியின் சுருக்கம் இது. 1,10,000 கி.மீ. ஓடிய ஆட்டோமேட்டிக் கார். காலையில் முதன்முறை எடுக்கும்போது டி-யில் போட்டு இரண்டு மூன்று விநாடி கழித்துத்தான் கியர் பிடிக்கிறது. 60, 70 வேகத்தில் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்துக்கொண்டு போனால் வண்டி நடுங்குகிறது. கியர்பாக்ஸ் ஆயில் இதுவரை மாற்றியதில்லை. மாற்றத் தேவையில்லை என்றுதான் கையேட்டிலும் இருக்கிறது. ஒரு மெக்கானிக் "பாக்ஸை இறக்கணும்" என்கிறார். இன்னொருவர் "ஆயிலைத் தொட்டா பாக்ஸ் போயிடும், இப்படியே ஓட்டுங்க" என்கிறார். வீட்டில் இருக்கும் மேனுவல் வண்டியிலும் கியர் விழ மறுக்கிறது. என்ன செய்யலாம்?

இரண்டு மெக்கானிக் சொன்னதையும் இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். ஆயில் எப்படி இருக்கிறது என்று பார்க்காமல், வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரைப் போடாமல், இறக்கச் சொல்கிறவரும் ஊகத்தில்தான் சொல்கிறார், தொடாதே என்கிறவரும் ஊகத்தில்தான் சொல்கிறார். நீங்கள் சொல்லும் இரண்டு அறிகுறிகளும் பாக்ஸை இறக்காமலே சரியாகக்கூடிய வகையைச் சேர்ந்தவை. சரியாகும் என்று உறுதி தரவில்லை. ஆனால் அந்த வாய்ப்பைப் பார்த்துவிடாமல் பெரிய செலவில் இறங்க வேண்டாம்.

முதலில் "ஆயுளுக்கும் இதே ஆயில்" என்ற கதையை முடித்துவிடுவோம். ஆட்டோமேட்டிக் பாக்ஸில் ஆயில் வெறும் மசகு எண்ணெய் அல்ல. பம்ப் அழுத்தம் கொடுத்து அனுப்பும் அந்த ஆயில்தான் வால்வ் பாடி (ஆயிலைப் பிரித்து அனுப்பும் பகுதி) வழியாகப் போய் கிளட்ச் பிளேட்டுகளை அழுத்திப் பிடிக்கிறது. எஞ்சினுக்கும் பாக்ஸுக்கும் நடுவில் இருக்கும் டார்க் கன்வெர்ட்டருக்குள் எஞ்சின் சக்தியைக் கடத்துவதும் அதுதான், சூட்டை வெளியே கொண்டு போவதும் அதுதான். இதற்கு மேல், பிளேட்டுகள் ஒன்றையொன்று பிடிக்கும்போது வெடுக்கென்று பிடிக்காமலும் வழுக்கிக்கொண்டே போகாமலும் இருக்க, உராய்வை அளவோடு வைக்கும் சேர்மானங்கள் ஆயிலில் இருக்கின்றன. 1970-களின் தொடக்கம் வரை அமெரிக்காவில் இந்த வேலைக்கு ஸ்பெர்ம் திமிங்கல எண்ணெயைக் கலந்தார்கள். தடை வந்த பிறகுதான் செயற்கை மாற்றுகளைத் தேடினார்கள். அவ்வளவு நுணுக்கமான சமாச்சாரம் இது. ஆயில் பார்க்க ஆயில் போலவே இருக்கும், ஆனால் இந்தச் சேர்மானங்கள் சூட்டில் கரைந்துபோயிருக்கும்.

சூடுதான் உண்மையான எதிரி. சாதாரண ஓட்டத்தில் ஆயில் 80, 90 டிகிரி செல்சியஸ் அருகில் இருக்கும். அதற்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயிலின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்பது பொறியாளர்கள் வைத்திருக்கும் உத்தேசக் கணக்கு. நெரிசலில் ஊர்ந்து போகும் வண்டியும், மலையேறும் வண்டியும், டிரெய்லர் இழுக்கும் வண்டியும் இந்தக் கணக்கில் வேகமாக அடிபடும். கி.மீ. குறைவாக ஓடியிருந்தாலும் அப்படித்தான்.

கார் நிறுவனங்கள் "ஆயுள்" என்று சொல்வது எதன் ஆயுள் என்பது எங்கும் தெளிவாக இருக்காது. ஒரு நல்ல உதாரணம் இசட்எஃப். பல கார் நிறுவனங்களுக்கு 6 கியர், 8 கியர் ஆட்டோமேட்டிக் பாக்ஸ் செய்து தருவது இந்த ஜெர்மன் நிறுவனம்தான். பிஎம்டபிள்யூ அந்தப் பாக்ஸைப் போட்ட தன் கார்களுக்கு ஆயுள் ஆயில் என்று சொல்லி வந்தது. பாக்ஸைச் செய்த இசட்எஃப்போ, ஓட்டும் விதத்தைப் பொறுத்து 80,000-லிருந்து 1,20,000 கி.மீ.க்குள், அல்லது 8 ஆண்டுக்குள் மாற்றச் சொல்கிறது. நான் பாக்ஸ் செய்தவன் பேச்சைத்தான் கேட்பேன்.

அடுத்தது, ஆயில் மாற்றினால் பாக்ஸ் போய்விடும் என்ற பயம். இது வெறும் புரளியும் இல்லை, முழு உண்மையும் இல்லை. பெரும்பாலானவர்கள் எப்போது ஆயில் மாற்றுகிறார்கள்? பாக்ஸ் வழுக்க ஆரம்பித்த பிறகு. பிளேட்டில் உராய்வுப் பூச்சே தேய்ந்து போயிருக்கும் நேரத்தில் புது ஆயில் ஊற்றினால், அது தேய்ந்ததைத் திருப்பி ஒட்டாது. அடுத்த சில நாளில் பாக்ஸ் எப்படியும் நின்றிருக்கும்; பழி ஆயில் தலையில் விழுகிறது. இன்னொரு காரணமும் உண்டு. மெஷின் வைத்து அழுத்தம் கொடுத்து ஃப்ளஷ் செய்தால், பல வருடமாக மூலையில் படிந்திருந்த கசடு கிளம்பி வால்வ் பாடியின் நுண்ணிய துவாரங்களில் போய் அடைக்கலாம். அதனால் இவ்வளவு காலம் ஆயில் மாறாத உங்கள் வண்டிக்கு மெஷின் ஃப்ளஷ் வேண்டாம். தானாக வடிய விட்டு ஊற்றும் முறையே போதும்.

ஆயில் பார்க்கும் விஷயத்தில் அவசரம் கூடாது. டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கும் கோல்) இருக்கும் வண்டி என்றால், பெரும்பாலும் எஞ்சின் சூடாகி ஓடிக்கொண்டிருக்கும்போது, சமதளத்தில், பி-யில் வைத்துப் பார்க்க வேண்டும். ஹோண்டா போன்ற சில நிறுவனங்கள் எஞ்சினை அணைத்த கையோடு பார்க்கச் சொல்லும். இப்போதைய பல வண்டிகளில் டிப்ஸ்டிக்கே கிடையாது. பாக்ஸின் அடியிலோ பக்கவாட்டிலோ ஒரு லெவல் பிளக் இருக்கும். எஞ்சின் ஓட, ஆயிலின் வெப்பம் குறிப்பிட்ட எல்லைக்குள் இருக்கும்போது அதைத் திறந்தால் ஆயில் மெல்லிய கோடாக வழிந்து சொட்டுச் சொட்டாக வரவேண்டும். பல பாக்ஸ்களில் அந்த எல்லை 40 டிகிரியை ஒட்டி இருக்கும்; உங்கள் மாடலுக்கான எண்ணை சர்வீஸ் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். வெப்பத்தை ஸ்கேனரில்தான் படிக்க முடியும். கையால் தொட்டுப் பார்த்து லெவல் வைப்பவரிடம் இந்த வேலையைத் தராதீர்கள். குறைந்தால் பம்ப் காற்றை இழுக்கும், கூடினால் சுழலும் பாகங்கள் ஆயிலை அடித்து நுரையாக்கும். இரண்டிலும் அழுத்தம் விழுந்து கியர் தாமதமாகத்தான் பிடிக்கும். உங்கள் காலைத் தாமதத்துக்கு முதல் சந்தேகமே லெவல் குறைவுதான். ஆக்சில் சீல், பேன் (பாக்ஸின் அடியில் இருக்கும் ஆயில் தட்டு) கேஸ்கெட், கூலர் குழாய் இணைப்பு, இந்த மூன்று இடத்திலும் ஈரம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். மூடிய அமைப்பில் ஆயில் தானாகக் குறையாது. குறைந்திருந்தால் எங்கோ கசிந்திருக்கிறது.

ஒரு சொட்டை வெள்ளை டிஷ்யூ பேப்பரில் விடுங்கள். பல ஏடிஎஃப்கள் (ஆட்டோமேட்டிக் பாக்ஸ் ஆயில்கள்) புதிதாக இருக்கும்போது சிவப்பு. பழுப்பானால் வயது, அவ்வளவுதான். கறுத்து, கருகிய வாடை வந்தால் பிளேட் எரிந்திருக்கிறது. ஸ்ட்ராபெர்ரி பால் நிறத்தில் கலங்கியிருந்தால் ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் ஓட்டையாகி கூலன்ட் கலந்திருக்கிறது. அப்படியானால் வண்டியை அதே இடத்தில் நிறுத்துங்கள், ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். பிளேட்டில் உராய்வுத் தாளைப் பிடித்திருக்கும் பசை நீரில் ஊறி உரிந்துவிடும். அந்த நிலையில் ஆயில் மாற்றிப் பலனில்லை, பாக்ஸை இறக்கியே தீரவேண்டும்.

பேனைக் கழற்றக்கூடிய வண்டி என்றால் இன்னும் நல்லது. அடியில் சிறு வட்டக் காந்தங்கள் இருக்கும். அவற்றின் மேல் சாம்பல் நிறத்தில் பஞ்சு போலப் படிந்திருப்பதை இரண்டு விரலுக்கிடையே தேய்த்துப் பாருங்கள். மை போல வழுக்கிப் பரவினால் அது சாதாரணத் தேய்மானம், ஒரு லட்சம் கி.மீ.க்கு எதிர்பார்க்கக்கூடியதுதான். நெருடினாலோ, ஊசி முனை போலச் சில்லுகள் குத்தினாலோ கியரோ பேரிங்கோ உடைகிறது. காந்தத்தில் ஒட்டாமல் பேனின் அடியில் பொன்னிறத்தில் மினுங்கும் துகள் புஷ், த்ரஸ்ட் வாஷர்களிலிருந்து வருவது. கறுப்புச் செதில்கள் நிறைய இருந்தால் அது கிளட்ச் பூச்சு. இந்த ஐந்து நிமிடப் பரிசோதனை, இறக்கணுமா வேண்டாமா என்ற கேள்விக்குப் பாதி விடை சொல்லிவிடும். மெக்கானிக் பேனைக் கழற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள், கழுவிய பிறகு காட்டினால் பிரயோஜனமில்லை.

இனி அந்த நடுக்கம். 60, 70 வேகத்தில் லேசான மிதியில் வருவது பெரும்பாலும் டார்க் கன்வெர்ட்டரின் லாக்-அப் கிளட்ச் (எஞ்சினையும் பாக்ஸையும் நேராகப் பூட்டுவது) சரியாகப் பிடிக்காமல் பிடித்தும் விட்டும் போவதுதான். சாலையில் வரிசையாகப் போட்ட சிறு மேடுகள் மேல் போவது போல இருக்கும். ஆனால் இதே உணர்வை எஞ்சின் மிஸ்ஃபயரும் (சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியாமல் போவது) தரும். தேய்ந்த ஸ்பார்க் பிளக், சோர்ந்த இக்னிஷன் காயில், இவை லாக்-அப் பிடித்திருக்கும்போதுதான் பளிச்சென்று தெரியும், ஏனென்றால் அப்போது எஞ்சினின் குலுக்கலை வாங்கிக்கொள்ள இடையில் ஆயில் இல்லை. பாக்ஸை மாற்றிய பிறகும் நடுக்கம் போகாமல், கடைசியில் பிளக் மாற்றிச் சரியான வண்டிகள் உண்டு.

இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. பின்னால் வண்டி வராத நேரான சாலையில், நடுக்கம் வரும்போது ஆக்சிலரேட்டரை அப்படியே வைத்துக்கொண்டு இடது காலால் பிரேக் பெடலை மெல்லத் தொடுங்கள். அழுத்த வேண்டாம், பிரேக் லைட் எரியும் அளவு போதும். பெரும்பாலான வண்டிகளில் அந்த சிக்னல் வந்ததும் லாக்-அப் விட்டுவிடும், ஆர்பிஎம் முள் சற்று மேலே ஏறும். அந்த நொடியில் நடுக்கம் நின்றால் சந்தேகம் லாக்-அப் பக்கம். நிற்காமல் தொடர்ந்தால் எஞ்சின், மவுண்ட் (எஞ்சினையும் பாக்ஸையும் தாங்கும் ரப்பர்), ஆக்சில் ஷாஃப்ட் பக்கம் தேடுங்கள். நின்றாலும் ஸ்கேனரில் மிஸ்ஃபயர் எண்ணிக்கையை ஒருமுறை பார்த்துவிடச் சொல்லுங்கள். இடது காலால் பிரேக் தொட்டுப் பழக்கமில்லை என்றால் பக்கத்தில் உட்கார்ந்து, பழகியவரை ஓட்டச் சொல்லுங்கள்.

லாக்-அப் நடுக்கம் பல வேளைகளில் புது ஆயிலுக்கே அடங்கிவிடும், ஏனென்றால் பழுதானது உராய்வுச் சேர்மானம், பிளேட் அல்ல. அடங்கவில்லை என்றால் லாக்-அப் சோலனாய்டு (ஆயில் வழியைத் திறந்து மூடும் மின் வால்வு), வால்வ் பாடி, கடைசியாக கன்வெர்ட்டர். இந்த வரிசை முக்கியம். சோலனாய்டையும் வால்வ் பாடியையும் பல வண்டிகளில் பாக்ஸை இறக்காமல் பேன் வழியாகவே மாற்றலாம்.

ஸ்கேனர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பி0700 என்று ஒரு கோடு (code, பிழைக் குறியீடு) வரும், அதைக் காட்டி "பாக்ஸ் போச்சு" என்பார்கள். அது கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர் எஞ்சின் கம்ப்யூட்டரிடம் "எனக்குள் ஒரு கோடு இருக்கிறது" என்று சொல்லும் தகவல் மட்டுமே. உள்ளே இருக்கும் கோடைப் படிக்கும் திறன் உள்ள ஸ்கேனர் வேண்டும். பி0740 வரிசை லாக்-அப்பைச் சேர்ந்தது, பி0715-உம் பி0720-உம் வேக சென்சார்கள், பி0730 கியர் விகிதம் பொருந்தவில்லை என்பது. இவற்றில் சென்சார், வயரிங், கனெக்டருக்குள் ஆயில் ஏறியது போன்றவை மலிவாக முடியும். பி0730 வந்து, ஆயிலும் கருகியிருந்தால்தான் கவலைப்பட வேண்டும். கோடு பார்க்கும் முன் பேட்டரியைச் சோதித்துவிடுங்கள். மின்னழுத்தம் விழுந்த வண்டி சம்பந்தமில்லாத கோடுகளையெல்லாம் கொட்டும்.

டி-யிலோ ஆர்-லோ போடும்போது டொக்கென்று அடிக்கிறதா என்றும் பாருங்கள். பாக்ஸ் மேல் பழி விழும் இந்தச் சத்தத்துக்குப் பல நேரம் காரணம் கிழிந்த எஞ்சின் மவுண்ட் அல்லது கியர்பாக்ஸ் மவுண்ட். பானெட்டைத் திறந்து வைத்து, ஒருவர் பிரேக்கை முழுக்க மிதித்தபடி டி-க்கும் ஆர்-க்கும் மாற்ற, இன்னொருவர் பக்கவாட்டில் நின்று பார்த்தால் எஞ்சின் எவ்வளவு எகிறுகிறது என்று கண்ணுக்கே தெரியும். வண்டிக்கு முன்னால் மட்டும் நிற்கக் கூடாது.

ஆயில் ஓரளவு பழுப்பாக இருக்கிறது, கருகல் வாடை இல்லை, காந்தத்தில் மை மட்டும்தான் என்றால் தாராளமாக மாற்றுங்கள். வடிய விட்டால் மொத்த ஆயிலும் வராது. கன்வெர்ட்டருக்குள்ளும் கூலருக்குள்ளும் மீதி நிற்கும். மொத்தக் கொள்ளளவு 8 லிட்டர், வடிவது 3.2 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், முதல் தடவையில் 40 சதவீதம் புதிது. சில நூறு கி.மீ. ஓட்டி மறுபடி செய்தால் 64, மூன்றாவது தடவையில் 78. உங்கள் வண்டிக்கு இந்த மூன்று தவணை முறைதான் என் தேர்வு. முதல் தவணையிலேயே காலைத் தாமதமும் நடுக்கமும் குறைகிறதா என்று தெரிந்துவிடும். ஒன்றுமே மாறவில்லை என்றால் அடுத்த இரண்டு தவணை ஆயிலுக்கான பணத்தை வால்வ் பாடிக்கு வைத்துக்கொள்ளலாம். ஃபில்டர் மாற்றக்கூடிய வகை என்றால் முதல் தவணையோடு மாற்றிவிடுங்கள்.

வேலை செய்பவர் முதலில் கை வைக்க வேண்டியது வடியும் போல்ட்டில் அல்ல, ஊற்றும் பிளக்கில். அது துருப்பிடித்து வராமல் போனால், ஆயிலை வடித்துவிட்டு ஊற்ற வழியில்லாமல் வண்டி அங்கேயே நிற்கும். வடிந்ததை அளவுக் குவளையில் அளந்து, முதலில் அதே அளவை ஊற்றி, பிறகு சொன்ன வெப்பத்தில் லெவல் வைக்க வேண்டும். பேன் போல்ட்டுகள் சிறியவை, பலம் காட்டினால் அலுமினியத்தில் மரை போய்விடும். முறுக்கும் பலத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச் இல்லாத கடையில் இதைச் செய்யாதீர்கள். நீங்களே செய்வதாக இருந்தால் வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுக்காதீர்கள், நான்கு பக்கமும் ஸ்டாண்ட் போட்டு வண்டி சமமாக இருக்க வேண்டும்.

ஆயில் வாங்கும்போது "எல்லா வண்டிக்கும் பொருந்தும்" என்று எழுதியதை வாங்காதீர்கள். கையேட்டில் இருக்கும் பெயர் அப்படியே வேண்டும்: டொயோட்டா டபிள்யூஎஸ், டெக்ஸ்ரான் 6, எஸ்பி-4, எதுவோ அது. பழைய டெக்ஸ்ரான் 3-ஐ விட டெக்ஸ்ரான் 6 மெல்லியது, சோலனாய்டு ஒவ்வொரு முறையும் எவ்வளவு நேரம் திறக்கவேண்டும் என்று கம்ப்யூட்டர் போடும் கணக்கு அந்தக் கெட்டித்தன்மையை நம்பியிருக்கிறது. சிவிடி (தனித்தனி கியர் இல்லாத ஆட்டோமேட்டிக்) வண்டிகளில் இது இன்னும் கண்டிப்பு. அங்கே எஃகு பெல்ட் ஒன்று இரண்டு கூம்புகளுக்கிடையே பிடித்து ஓடுகிறது. நிசான் என்எஸ்-3, ஹோண்டா எச்சிஎஃப்-2 போன்ற அதற்கான திரவம் தவிர சாதாரண ஏடிஎஃப் ஊற்றினால் பெல்ட் வழுக்கி கூம்பைக் கீறிவிடும், பிறகு பழுது பார்க்க ஒன்றும் மிஞ்சாது. ஃபோக்ஸ்வாகனின் 6 கியர் டிஎஸ்ஜி என்ற ஈரக் கிளட்ச் (கிளட்ச் ஆயிலில் மூழ்கி ஓடும்) பாக்ஸுக்கு ஆயில் மாற்ற 60,000 கி.மீ. கெடு உண்டு, அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

மேனுவல் வண்டிக்கு வருகிறேன். எஞ்சின் ஓடும்போது எல்லா கியரும் முரண்டு பிடித்து, எஞ்சினை அணைத்ததும் வெண்ணெய் போல விழுகிறதா? அப்படியானால் கியர்பாக்ஸில் குற்றமில்லை. கிளட்ச் முழுதாக விடவில்லை. ஹைட்ராலிக் வகை என்றால் குழாயில் காற்று, மாஸ்டர் அல்லது ஸ்லேவ் சிலிண்டர் கசிவு. கேபிள் வகை என்றால் கேபிள் நீண்டிருக்கும். ஒரே ஒரு கியர் மட்டும் கரகரத்தால் அந்த கியரின் சிங்க்ரோ வளையம் (கியர் விழும் முன் வேகத்தைச் சமன் செய்வது) தேய்ந்திருக்கிறது. ரிவர்ஸ் மட்டும் என்றால் பதற வேண்டாம், பல வண்டிகளில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோவே கிடையாது. கிளட்சை மிதித்து இரண்டு மூன்று விநாடி பொறுத்துப் போடுங்கள், அல்லது ஒரு முன் கியரைத் தொட்டுவிட்டுப் போடுங்கள். சத்தத்தையும் இப்படிப் பிரிக்கலாம்: நியூட்ரலில் கிளட்சை மிதித்தால் சத்தம் வருகிறது என்றால் ரிலீஸ் பேரிங், மிதித்தால் சத்தம் நிற்கிறது என்றால் பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் பேரிங். முதலாவது கிளட்ச் வேலையோடு முடியும், இரண்டாவது பாக்ஸைப் பிரிக்க வைக்கும்.

அந்த வண்டிக்கும் ஆயில் மாற்றுவதாக இருந்தால் கியர் ஆயில் தரக் குறியீட்டில் ஜிஎல்-4 என்று கேட்டிருக்கும் பாக்ஸில் ஜிஎல்-5 ஊற்றாதீர்கள். ஜிஎல்-5 டிஃபரன்ஷியலின் கடும் அழுத்தத்துக்கானது. அதில் கூடுதலாக இருக்கும் கந்தகச் சேர்மானங்கள் பித்தளை சிங்க்ரோ வளையங்களை அரிக்கலாம், வளையம் கியரைப் பிடித்து வேகம் சமன் செய்யவேண்டிய இடத்தில் வழுக்கவும் செய்யும். எண் பெரிதாக இருந்தால் தரம் உயர்வு என்று நினைத்து ஊற்றுபவர்கள் நிறையப் பேர்.

ஓட்டும் பழக்கத்தில் இரண்டு மட்டும் சொல்கிறேன். சரிவில் நிறுத்தும்போது, பிரேக்கை மிதித்தபடியே முதலில் ஹேண்ட்பிரேக், பிறகு பி. மாற்றிச் செய்தால் வண்டியின் மொத்தப் பாரமும் பாக்ஸுக்குள் விரல் அளவுள்ள ஒரு கொக்கியில் தொங்கும். பிரேக்டவுன் ஆனால், ஆட்டோமேட்டிக் வண்டியை, எஞ்சின் சக்தி போகும் சக்கரங்கள் தரையில் உருளக் கட்டி இழுக்க விடாதீர்கள். எஞ்சின் ஓடாமல் ஆயில் பம்ப் ஓடாது, உள்ளே எல்லாம் வறண்டு சுழலும்.

எல்லாம் பார்த்த பிறகும் ஆயில் கருகல், காந்தத்தில் சில்லு, கியரே பிடிக்கவில்லை என்ற நிலை என்றால் இறக்கத்தான் வேண்டும். அப்போது மெக்கானிக்கிடம் செலவுக்கு முன்னால் கேட்க வேண்டியது, எது உடைந்தது, ஏன் உடைந்தது என்பதை. பிளேட் எரிந்தது என்பது பதிலாகாது. அழுத்தம் கசிந்த சீலா, ஒட்டிக்கொண்ட வால்வா, அடைத்த கூலரா என்று காட்ட வேண்டும். காரணம் தெரியாமல் பிளேட் மட்டும் மாற்றிய பாக்ஸ் அதே இடத்தில் மறுபடி எரியும். பழைய வண்டியிலிருந்து எடுத்த பாக்ஸ் வாங்குவதாக இருந்தால், பாக்ஸின் எண்ணும் கம்ப்யூட்டரின் எண்ணும் உங்கள் மாடலோடு பொருந்துகிறதா என்று பாருங்கள், மாட்டும் முன்பே பேனைக் கழற்றிக் காந்தத்தைப் பாருங்கள். எந்த வழியில் போனாலும் கூலரையும் கன்வெர்ட்டரையும் விட்டுவிடாதீர்கள். உடைந்த பாக்ஸின் துகளெல்லாம் அந்த இரண்டில்தான் தங்கியிருக்கும். கூலரை மாற்ற வேண்டும், அல்லது இரு திசையிலும் கழுவி, ஆயில் தடையில்லாமல் பாய்கிறதா என்று அளந்து காட்ட வேண்டும். மாட்டிய பிறகு ஸ்கேனரில் பழைய அடாப்டேஷன் மதிப்புகளை (தேய்மானத்துக்கு ஏற்பக் கம்ப்யூட்டர் கற்று வைத்த அளவுகளை) அழித்து, நிறுவனம் சொன்ன முறையில் ஓட்டிப் பழக்கிக் கொடுக்கச் சொல்லுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் புதுப் பிளேட்டுகளையும் தேய்ந்த பிளேட்டுகள் என்று நினைத்தே கம்ப்யூட்டர் அழுத்தும், முதல் வாரமே ஜெர்க் அடிக்கும்.